கேள்வி – பதில்: ரோமானியச் செப்புக்காசும் சில்லறைப் பழம்பொருள்களும்

கே: ரோமானிய நாணயம் என்றாலே தங்கமும் பெரிய ஏலங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. கையைக் கடிக்காமல் சேகரிக்க வழி உண்டா? முதலில் எதை வாங்குவது?

ப: தங்கத்தை மறந்துவிடுங்கள். அது அன்றைய ரோமிலேயே சாமானியர் கையில் அதிகம் புழங்கியதில்லை. சந்தையில் கைமாறியது செம்பும் வெண்கலமும்தான். இன்றைக்கும் மலிவாகக் கிடைப்பது அதுவே.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டுக் காசுகளிலிருந்து தொடங்குங்கள். முதலாம் கான்ஸ்டன்டைன் (306–337) ஆட்சியில் லண்டன் முதல் அலெக்சாண்ட்ரியா வரை பதினைந்துக்கும் மேற்பட்ட அக்கசாலைகள் இவற்றை ஓயாமல் அடித்துத் தள்ளின. மக்கள் பானையில் போட்டுப் புதைத்தார்கள். திரும்பி வந்து தோண்டி எடுக்க முடியாமல் போனவர்களின் சேமிப்புதான் இன்றைய மலிவுக்குக் காரணம்.

நான்கு வகை தெரிந்தால் போதும், கண் பழகிவிடும். ‘குளோரியா எக்ஸெர்சிடஸ்’, அதாவது படையின் பெருமை: இரு வீரர்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் படைக்கொடி. ‘உர்ப்ஸ் ரோமா’: முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமாதேவி, பின்பக்கம் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய், மேலே இரண்டு நட்சத்திரம். ‘கான்ஸ்டன்டினோபோலிஸ்’: கப்பல் முகப்பின் மேல் கால் வைத்து நிற்கும் வெற்றித் தேவதை. புதிய தலைநகரை அர்ப்பணித்த 330-ஐ ஒட்டி வந்தவை இந்த இரண்டும். நான்காவது ‘ஃபெல் டெம்ப் ரெபராசியோ’. 348 முதல் வந்தது. நல்ல காலம் திரும்பிவிட்டது என்பது பொருள். ஆனால் படத்தில் இருப்பதோ குதிரையிலிருந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்தும் ரோமானிய வீரன். நல்ல காலம் யாருக்கு என்பது காசைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

வெள்ளி ஆசை இருந்தால் மூன்றாம் கோர்டியன் (238–244), முதலாம் பிலிப் (244–249) காலத்து அன்டோனினியானஸ் வாங்குங்கள். தலையில் கதிர் முடி இருக்கும், எடை சராசரியாக 4 கிராமுக்குச் சற்று மேல். பேரரசர் கரகல்லா 215-இல் கொண்டுவந்த நாணயம் இது. இரண்டு டெனாரியஸ் (ரோமின் வழக்கமான வெள்ளிக்காசு) மதிப்பு என்று சொல்லி, ஒன்றரை டெனாரியஸ் அளவு வெள்ளிதான் வைத்தார். 270 வாக்கில் இதே நாணயத்தில் வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்று பங்காகச் சுருங்கிப் பெயருக்குத்தான் வெள்ளி என்றாகிவிட்டது. கோர்டியன் காலத்தில் இன்னும் பார்க்க வெள்ளியாகவே இருக்கிறது, நிறையக் கிடைக்கிறது, எழுத்தும் தெளிவாக இருக்கும்.

25 கிராம் எடையுள்ள செஸ்டர்டியஸ் என்ற பெரிய பித்தளைக் காசு மீது முதல் வருடம் கண் வைக்காதீர்கள். உளியால் திருத்தப்பட்ட நாணயங்கள் அதிகம் அடிபடுவது அந்த வகையில்தான். முதல் மூன்று காசும் பெயர், படம், அக்கசாலைக் குறி மூன்றும் படிக்கக்கூடியவையாக இருக்கட்டும். மழுங்கிய அபூர்வத்தைவிட எழுத்து தெளிந்த சாதாரணக் காசு அதிகம் சொல்லித்தரும்.

கே: என்னிடம் உள்ள காசில் ஒரு தலை, பின்னால் இரண்டு வீரர்கள். லத்தீன் தெரியாது. யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: லத்தீன் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு சுருக்கங்கள் தெரிந்தால் போதும். ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ போன்ற எழுத்துதான் இருக்கும், அது முதல் பாடம். முன்பக்கத்தில் ‘டி.என்.’ என்றால் ‘எங்கள் தலைவர்’. ‘பி.எஃப். அவ்க்’ என்றால் பக்தியும் பேறும் உடைய அகஸ்டஸ், அதாவது முழுப் பேரரசர். ‘நோப் சி’ என்றால் சீசர் பட்டம் பெற்ற இளவரசர்.

கான்ஸ்டன்டைன் குடும்பத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தகப்பன், மகன் இருவரும் ‘கான்ஸ்டன்டினுஸ்’; இன்னொரு மகன் ‘கான்ஸ்டன்டியுஸ்’; கடைசி மகன் ‘கான்ஸ்டன்ஸ்’. முதல் இரண்டு பெயருக்கும் வித்தியாசம் நடுவில் ஒரே ஒரு ‘என்’. தேய்ந்த காசில் ‘கான்ஸ்டன்’ வரை மட்டும் படித்துவிட்டுப் பெரியவர் பெயரை எழுதி விற்பது வாடிக்கை. ‘மேக்ஸ்’ என்ற பட்டம் இருந்தால் பெரியவர். ‘இயுன் நோப் சி’ இருந்தால் அவர் பெயர் கொண்ட மகன்.

உங்களுடையது போன்ற ஒரு காசையே எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 17 மில்லிமீட்டர், எடை 2.4 கிராம். தலையைச் சுற்றி இடப்பக்கம் அழிந்துவிட்டது. வலப்பக்கம் ‘...டினுஸ் இயுன் நோப் சி’ தெரிகிறது. ஆக, இளவரசராக இருந்தபோதைய இரண்டாம் கான்ஸ்டன்டைன், 317–337. பின்பக்கம் திருப்புங்கள், கொடிக்கம்பங்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் 330–335. ஒன்று மட்டும் இருந்தால் 335-க்குப் பிறகு. அப்போது எடையும் ஒன்றரை கிராம் அளவுக்கு இறங்கியிருக்கும். நம் காசில் இரண்டு கம்பம், 2.4 கிராம். இரண்டும் ஒத்துப்போகின்றன. இனி வீரர்களின் காலடியில் உள்ள கோட்டுக்குக் கீழே பாருங்கள். ‘எஸ் எம் கே’, அதற்கடுத்து கிரேக்க ‘காமா’. ‘எஸ் எம்’ என்பது ‘புனித நாணயம்’ என்பதன் சுருக்கம். ‘கே’ சைசிகஸ், மர்மரா கடலோர ஊர். காமா மூன்றாவது பட்டறை. முடிந்தது: 330–335, சைசிகஸ், மூன்றாம் பட்டறை.

குறி வாசிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ‘கான்ஸ்ட்’ என்று கண்டதும் கான்ஸ்டான்டினோபிள் என்று எழுதிவிடாதீர்கள். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டின் ஆர்ல் நகருக்கும் அப்போது கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். குறிக்கு முன்னால் லத்தீன் ‘பி’ அல்லது ‘எஸ்’ வந்தால் ஆர்ல். பின்னால் கிரேக்க எழுத்து வந்தால் கான்ஸ்டான்டினோபிள்.

விற்பனைச் சீட்டுகளில் வரும் ‘ஆர்.ஐ.சி.’ எண், ரோமானியப் பேரரசு நாணயங்களின் பத்துத் தொகுதிப் பட்டியலைக் குறிக்கும். அதன் 7-ஆம் தொகுதி (313–337) அக்கசாலை வாரியாகப் பிரிக்கப்பட்டது. எனவே ஊர் தெரியாமல் எண் சொல்ல வழியில்லை. ஊர்க்குறி அழிந்துபோன காசுக்கு ஒருவர் கச்சிதமாக எண் போட்டிருந்தால், அது யூகம்.

கே: ‘சுத்தம் செய்யாத ரோமானியக் காசுகள்’ என்று மண்ணோடு ஐம்பது, நூறு என விற்கிறார்களே, வாங்கலாமா? உள்ளே ஏதாவது நல்லது இருக்குமா?

ப: மண்ணோடு இருப்பதால் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பழகிய கண்ணுக்கு மண்ணின் மேலேயே வடிவம் தெரியும். வெள்ளி, பெரிய அளவு, எழுத்து துருத்தியவை எல்லாம் ஒவ்வொரு கைமாற்றத்திலும் பொறுக்கப்பட்டு, கடைசியாக மிஞ்சிய சக்கைதான் மூட்டையாக வருகிறது. படத்தில் மேலே நாலு அழகான காசு வைத்திருப்பார்கள். அது ஜவுளிக்கடை வாசல் பொம்மை மாதிரி.

எல்லாம் ஒரே நிற மண்ணாகவும் தண்ணீர் பட்டதும் கரைவதாகவும் இருந்தால், மண் பிறகு பூசப்பட்டது. நிலத்தில் கிடந்த மண் களிம்போடு இறுகி, கல் மாதிரி ஒட்டியிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக் காசைத் திருப்புங்கள். மேடு பள்ளத்தின் நிழலே விழாவிட்டால் அதில் படமே மிஞ்சவில்லை, எத்தனை மாதம் ஊறவைத்தாலும் வராது.

இதில் இன்னொரு சங்கடம், எந்த நாட்டு மண், எந்த நிலம் என்ற விவரமே இல்லாமல் வருகின்றன இந்த மூட்டைகள். அத்துமீறித் தோண்டிய இடங்களின் சரக்கு வெளியேற இதைவிட வசதியான வழி கிடையாது. அதே பணத்தில் சீட்டோடு வரும் தெளிவான ஒரு காசு வாங்கலாம். சுத்தம் செய்து பழகத்தான் வேண்டும் என்றால், நம்பிக்கையான விற்பவரிடம் ஐந்தாறு போதும்.

கே: எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். பச்சை போய்ச் செம்பு பளிச்சென்று வந்தது. ஆனால் எழுத்தும் போய்விட்டது! ஏன்?

ப: எழுத்து இருந்தது அந்தப் பச்சையில்தான். ஆயிரத்து அறுநூறு ஆண்டு மண்ணில் கிடந்த செம்பில், உலோகத்தின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பு ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறிவிடும். அடித்த நாளில் இருந்த மேற்பரப்பின் வடிவத்தை அந்தப் படலம் அச்சு மாறாமல் பிடித்து வைத்திருக்கும். அதற்கடியில் உள்ள உலோகம் குண்டும் குழியுமாக அரிக்கப்பட்டிருக்கும். அமிலம் படலத்தைக் கரைத்ததும் உங்களுக்கு மிஞ்சியது அந்தக் குழிதான். வினிகர், புளி, கம்பித் தூரிகை, மின்பகுப்பு எல்லாம் இதே கதை. அந்தக் காசுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை. காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து அமிலத்தை வெளியேற்றிவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள்.

அடுத்ததற்கு முறை இது. காய்ச்சி வடித்த நீரில் போடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரைடு உண்டு. நீரைத் தினம் மாற்றி, மெல்லிய பல் தூரிகையால் ஒரு நிமிடம் தேயுங்கள். ஒரு வாரத்தில் தளர்ந்த மண் போய்விடும். பிறகு 10 மடங்கு உருப்பெருக்கியின் கீழ், நீரில் நனைத்த மரப் பற்குச்சியால் எழுத்தின் ஓரமாக அகழுங்கள். கெட்டியான இடத்தில் அழுத்தாதீர்கள், திரும்ப ஊறவையுங்கள். ஒரு காசுக்கு மூன்று வாரம் பிடிப்பது சகஜம்.

எங்கே நிறுத்துவது? மண் நிறம் போய், வழவழப்பான பச்சையோ கரும்பழுப்போ தெரிந்தால் அதுதான் தரை, அங்கேயே நிறுத்துங்கள். செங்கல் சிவப்பு எட்டிப் பார்த்தால் அளவு மீறிவிட்டீர்கள். அது படலத்தின் அடித்தட்டு. 4-ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் காசுகளில் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கலாம், அது தூரிகைக்கே உரிந்துவிடும். பளபளப்பு தெரிந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பதைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதிலும் அமிலம்தான் வேலை செய்கிறது, மெதுவாக. படலத்தைக் கறுக்க வைக்கும், துளைகளில் புகுந்த எண்ணெயை வெளியே எடுப்பது பெரும்பாடு. பரிந்துரைக்க மாட்டோம்.

கே: காசில் வெளிர் பச்சையாக மாவு மாதிரி ஒரு புள்ளி. துடைத்தால் போகிறது, இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது. இது களிம்புதானே?

ப: சாதாரணக் களிம்பு கெட்டி. குண்டூசி நுனியால் தொட்டுப் பாருங்கள், நகராவிட்டால் கவலையில்லை. மாவாக உதிர்ந்து, கீழே குழி தெரிந்தால் அது ‘வெண்கல நோய்’. நோய் என்பது பெயர்தான், கிருமி இல்லை, வேதிவினை. மண்ணிலிருந்த குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே குப்ரஸ் குளோரைடாகப் பதுங்கியிருக்கிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது அந்தப் பச்சை மாவாக மாறுகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடி குளோரைடு ஆகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சக்கரம் நிற்காது.

முதலில் அந்தக் காசை மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். மாவையெல்லாம் மரக்குச்சியாலும் ஊசியாலும் குழியின் அடிவரை சுரண்டுங்கள். பிறகு 5 சதவீத சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல், அதாவது 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 50 கிராம். அது கிடைக்காவிட்டால் நீரற்ற சலவைச் சோடா 24 கிராமும் சமையல் சோடா 19 கிராமும் கலந்தால் அதே சரக்குதான். நீரற்றது என்பதைக் கவனியுங்கள். பளிங்குக்கல் மாதிரி வரும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர், அதில் 63 கிராம் போட வேண்டும். கரைசலை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஆறு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். படலத்தின் நிறம் சற்று மாறக்கூடும். காசு பிழைக்க அந்த விலை கொடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து ஒரு வாரம் காய்ச்சி வடித்த நீரில், தினம் மாற்றி. நீரை விரட்ட அசிடோனில் ஒரு முக்கு. அசிடோன் ஆவி முழுக்கப் போனபிறகு 100 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம். இங்கே அவசரப்பட்டால் தீப்பிடிக்கும். ஆறியதும் மெழுகு தடவ வேண்டாம், முதலில் சோதனை: மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சு, அதைத் தொடாமல் காசு, இரண்டு நாள். மாவு வராவிட்டால் நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசித் துணியால் தேயுங்கள். வந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பென்சோட்ரையசோலை வீட்டில் தொடாதீர்கள், உடம்புக்குக் கெடுதல்.

இதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தக் காசு உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே. சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பா, உள்ளே சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் உலர்த்த மறந்தால் டப்பா இருந்தும் பயனில்லை.

கே: போலியை வீட்டிலேயே கண்டுபிடிக்க என்ன கருவி வேண்டும்?

ப: 0.01 கிராம் காட்டும் தராசு, அளவுமானி, 10 மடங்கு உருப்பெருக்கி, கூரான ஒளி தரும் விளக்கு, ஒரு காந்தம், கொஞ்சம் அசிடோன். இவற்றைவிடப் பெரிய கருவி, நூறு உண்மையான காசுகளைப் பார்த்த கண்.

விளிம்பிலிருந்து தொடங்குங்கள். வார்ப்புப் போலியில் இரு அச்சும் சேர்ந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அதை அரத்தால் தேய்த்திருப்பார்கள், அந்தக் கீறலே காட்டிக்கொடுக்கும். அடித்த நாணயத்தின் விளிம்பில் வெடிப்பு சகஜம்; சூடான வில்லை சம்மட்டி அடியில் கிழிந்தது அது, உள்வரை கூர்மையாக இருக்கும். வார்ப்பில் அந்த வெடிப்பும் நகல் ஆகி, மழுங்கிய பள்ளமாக நிற்கும். எழுத்தைப் பாருங்கள்: அடித்ததில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும், வார்ப்பில் சோப்பு கரைந்த மாதிரி சாய்ந்து இறங்கும். தரையில் ஊசிமுனைக் குமிழிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, வாங்காமல் வைத்துவிடுங்கள். பஞ்சில் அசிடோன் தொட்டு ஓரத்தில் ஒற்றுங்கள். உண்மையான களிம்பு அசையாது. பூசிய பச்சை என்றால் சாயம் வெளுத்துவிடும், அப்படியே பஞ்சில்.

‘இரட்டையர் சோதனை’ இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. ஒரே அச்சில் அடித்த இரு காசுகள் இருக்கலாம். ஆனால் ஒரே அளவு மையம் விலகி, ஒரே இடத்தில் வெடித்து, ஒரே இடத்தில் தேய்ந்து இருக்கவே முடியாது. அப்படி ஒரு ஜோடி பழைய ஏலப் படங்களில் தட்டுப்பட்டால், குறைந்தது ஒன்று போலி. பெரும்பாலும் இரண்டுமே.

அடித்தே செய்த போலிகள் கடினம். கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்ற ஜெர்மானியர் தானே அச்சு வெட்டிச் செய்த நாணயங்களை இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் போட்ட பெட்டியில் வைத்து, குதிரை வண்டியின் அடியில் கட்டிச் சவாரி போவாராம், பழமை ஏற. இன்றைக்கு அவர் செய்தவற்றைச் சேகரிப்பவர்களும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட உழைப்பெல்லாம் புரூட்டஸ், ஜூலியஸ் சீசர், காலிகுலா, ஓத்தோ போன்ற விலையுயர்ந்த தலைகளுக்குத்தான் பெரிதும் செலவாகிறது. சாதாரண நான்காம் நூற்றாண்டுக் காசு வாங்குபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மலிவில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: டெனாரியஸ் ஒன்றின் ஓரத்தில் செம்பு தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: உங்களை யாரும் ஏமாற்றாமல் இருந்திருக்கலாம். ஏமாந்தவர் ரோமானியராகவும் இருக்கலாம். செம்பு வில்லைமேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த கள்ள நாணயம் அந்தக் காலத்திலேயே ஏராளம். ‘ஃபூரே’ என்று பெயர். சேகரிப்பில் அதற்கும் இடம் உண்டு, விலைதான் கணிசமாகக் குறைய வேண்டும்.

செம்பு வெளியே தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் ஒப்படர்த்தி பாருங்கள். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 3.42 கிராம் காசுக்கு 0.33 காட்டினால் 10.4, நல்ல வெள்ளி (தூய வெள்ளி 10.5). 0.37 காட்டினால் 9.2, உள்ளே செம்பு (தூய செம்பு 8.96). ஒட்டிய காற்றுக் குமிழி கணக்கைக் கெடுக்கும், நீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். தராசு 0.01 தவறினாலும் விடை 0.3 அளவுக்கு மாறும் என்பதால் ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

இந்தச் சோதனை முதல் இரண்டு நூற்றாண்டு டெனாரியஸுக்குத்தான் சரிவரும். செப்டிமியஸ் செவரஸ் (193–211) காலத்தில் அரசே பாதிக்குப் பாதி செம்பு கலந்தது. அந்த அசல் நாணயமே 9.7 அளவில்தான் நிற்கும். ஓரம் ஏற்கெனவே திறந்துவிட்ட காசை நனைக்கவே வேண்டாம், தகட்டுக்கடியில் புகும் நீர் செம்பை அரிக்கும்.

கே: ஆல்பத்தில் வைத்த காசுகளில் பச்சைப் பிசின் மாதிரி ஒட்டுகிறது.

ப: பி.வி.சி. உறை. நெகிழ்வுக்காகச் சேர்த்த எண்ணெய் கசிந்து, கூடவே அமிலமும் வருகிறது. அசிடோனில் கழுவி, பாலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். முகர்ந்தால் புது மழைக்கோட்டு வாசனை வரும் உறை எதுவும் வேண்டாம். மரப்பெட்டி என்றால் மஹோகனி பரவாயில்லை. ஓக் அமில ஆவி விடும், ஈயப் பொருள்களை வெள்ளை மாவாக்கிவிடும். அந்த மாவு நஞ்சு, கையால் தட்டாதீர்கள்.

கே: காசு தவிர, சின்ன ரோமானியப் பொருள்கள் சேர்க்க ஆசை. எது பாதுகாப்பான தொடக்கம்?

ப: ஆணி! சிரிக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் இன்ச்டுதில் என்ற இடத்தில் ரோமானியப் படை கி.பி. 87 வாக்கில் கோட்டையைக் காலி செய்தபோது, எதிரிக்கு இரும்பு கிடைக்கக் கூடாதென்று எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைக் குழியில் புதைத்துவிட்டுப் போனது. எடை சுமார் 7 டன். வெளிச்சுற்று ஆணிகள் துருப்பிடித்து ஓடுபோல் இறுகி உள்ளே இருந்தவற்றைக் காப்பாற்றின. 1952–65 அகழாய்வில் அவை வெளிவந்து, அருங்காட்சியகங்களுக்குப் போனதுபோக மீதி பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. எங்கே, எப்போது, யார் எடுத்தார்கள் என்று தெரிந்த மலிவான பொருள் இதைப்போல் அபூர்வம். வாங்கும்போது அந்தக் காலச் சான்றட்டை கூட இருக்கிறதா என்று கேளுங்கள். இரும்பாதலால் இதுவும் உலர்ந்த டப்பாவில்தான் இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறத் துளி வியர்த்தால் குளோரைடு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆடை ஊக்குகள் (ஃபிபுலா) அடுத்த படி. ஊசி உடைந்திருப்பது இயல்பு. ஊசி முழுசாக, உடலைவிட வேறு நிறத்தில் இருந்தால் புதிதாக வைத்தது. மோதிரத்தில் பழைய வளையமும் புதிய கல்லும் ஒட்டுப்போட்டு வரும். அணிந்துகொள்ளலாமா என்று கேட்ட வாசகிக்கு: வேண்டாம், வியர்வையில் இருப்பதும் குளோரைடுதான்.

சுடுமண் விளக்குகளில் கவனம் தேவை. இடுப்பில் இணைப்புக் கோடு இருப்பதை வைத்துப் போலி என்று ஒதுக்காதீர்கள். அசலையே மேல் கீழ் என இரண்டு அச்சில் அழுத்தித்தான் செய்தார்கள். அளவைப் பாருங்கள். அசலிலிருந்து அச்சு எடுத்துச் செய்த நகல், மண் காய்ந்து சுடும்போது சுருங்குவதால் பத்தில் ஒரு பங்குவரை சிறுத்து, படமும் மழுங்கியிருக்கும். அதற்காக எல்லா நகலும் இன்றையது ஆகிவிடாது: ‘ஃபோர்டிஸ்’ முத்திரை விளக்குகளை ரோமானியர்களே ஊர் ஊராக நகலெடுத்தார்கள். எண்ணெய் ஊற்றும் துளை வழியாக டார்ச் அடியுங்கள். பழைய விளக்கின் உள்ளே சுண்ணாம்புப் படிவும் வேர்த் தடமும் மண்ணோடு ஒன்றியிருக்கும், பசை கலந்து பூசிய மண் ஒரே சீராக இருக்கும். திரியின் கரியை நம்பாதீர்கள், அதை உண்டாக்க ஒரு தீக்குச்சி போதும். புற ஊதா விளக்கில் ஒட்டுப்போட்ட இடம் தனியாக ஒளிரும்.

கண்ணாடி மணிகளில் வானவில் நிறம் காட்டுவது சிதைந்த மேல்தோல், தேய்த்தால் உரிந்துபோகும். எலும்பு ஊசிகளை நீரில் போடாதீர்கள்.

கே: சட்டச் சிக்கல் வருமா? எந்தத் தாளை வாங்கி வைக்க வேண்டும்?

ப: 1970 யுனெஸ்கோ ஒப்பந்தம் ஒரு மைல்கல். அதற்கு முன்பே பொருள் மூலநாட்டை விட்டு வெளியே வந்துவிட்டது என்று காட்டும் பழைய ஏலப் பட்டியல், ரசீது, உறை எது இருந்தாலும் அது பொன். இத்தாலி, கிரீஸ், துருக்கி போன்ற நாடுகள் தங்கள் மண்ணின் பொருள் அனுமதியின்றி வெளியேறுவதைத் தடுக்கின்றன. அங்கே சுற்றுலா போய் வயலோரச் சிறுவனிடம் காசு வாங்கிப் பையில் போட்டு வராதீர்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு, அசலாக இருந்தால் விமான நிலையத்தில் மானம் போச்சு.

இங்கிலாந்து, வேல்ஸில் நடைமுறை வேறு. தனியாகக் கிடைத்த ஒரு சாதாரணக் காசு 1996 புதையல் சட்டத்தில் பொதுவாக வராது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட, 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே புதையல். அதைவிட மட்டமான உலோகமென்றால் பத்து கிடைக்க வேண்டும். 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தனிக்காசுகளையும் கையடக்கத் தொல்பொருள் திட்டத்தில் விரும்பிப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு எண்ணோடு விற்பனைக்கு வரும் காசு என்றால், எந்த வட்டாரத்தில் கிடைத்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்நாட்டு மண்ணில் கிடைத்த தொல்பொருளை வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நாட்டு இறக்குமதி, பதிவு விதிகளைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

தாளும் பொய் சொல்லும். 2020-இல் லண்டன் ஏலத்தில் புரூட்டஸின் பொன் நாணயம் 27 லட்சம் பவுண்டுக்குக் கேட்கப்பட்டது, கட்டணம் தனி. அதன் பூர்வீகம் என்று காட்டியது புனைவு என்று பிறகு தெரிந்து, 2023-இல் கிரீஸிடம் ஒப்படைத்தார்கள். ஆகவே ‘பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்ற ஒற்றை வரியைத் தாளாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆண்டு, ஏல எண், படம் என்று சரிபார்க்க ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

உங்கள் பங்குக்கு: வாங்கிய அன்றே இருபக்கமும் படமெடுத்து, எடை, குறுக்களவு, அச்சுத் திசை (முன்பக்கம் நேராக இருக்க, பின்பக்கப் படத்தின் மேல்முனை 6 மணியிலா 12 மணியிலா என்பது), விற்றவர், தேதி இவற்றை எழுதுங்கள். ரசீதின் நகலோடு விற்பனைப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து வையுங்கள். காசோடு வந்த பழைய சீட்டு கசங்கியிருந்தாலும் எறியாதீர்கள். அதே எண்ணை உறையிலும் எழுதிவிடுங்கள், இரண்டும் பிரிந்தால் மறுபடி சேர்க்க அது ஒன்றுதான் வழி.